சாவி ஒளிக்கும் வயது

பண்டத்தரிப்பு பிரதேச வைத்தியசாலையில் கிளினிக் நாட்களில் வாசலோரம் நிற்கும் மோட்டார் சைக்கிள்களைப் பார்க்கும் வெளியூர்க்காரர், நோயாளிகளைக் கூட்டிவந்த பிள்ளைகளுடையவை அவை என்று நினைக்கக்கூடும். பலவற்றின் சொந்தக்காரர் உள்ளே இலக்கத்துண்டோடு காத்திருக்கும் நோயாளியேதான். பிறஷருக்கும் நீரிழிவுக்கும் ஒரு மாதக் குளிசையை வாங்கி, பையை ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு, எழுபதை நெருங்கும் மனிதர் தானே வண்டியை எடுத்துப் போகிறார். பிள்ளைகள் ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருக்கிறார்கள். வட்ஸ்அப்பில் கதைக்கும்போது சாப்பிட்டீங்களோ என்பதற்கு அடுத்த கேள்வி இதுதான்: "இன்னும் மோட்டச்சைக்கிளிலதான் திரியிறீங்களோ அப்பா?"

மேற்கு நாடுகளில் இதே வயதுக்காரர் வண்டியில் ஏறுவதற்குக் காரணம் வேறு. அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போரின் நடு வயது 1990இல் 32 ஆக இருந்தது. 2018இல் 50 ஆகிவிட்டது. பிள்ளைகளை வளர்த்து, வீட்டுக்கடனை அடைத்து, இளமையில் கைவிட்ட ஆசையை ஹார்லி டேவிட்சன் வாங்கித் தீர்த்துக்கொள்ளும் மனிதர்கள் அவர்கள். அங்கே கேள்வி பொழுதுபோக்கைப் பற்றியது. வேண்டாமென்றால் காரில் போகலாம். வலிகாமத்தின் இந்தப் பக்கத்தில் வண்டியை விட்டவருக்கு அடுத்தது பெரும்பாலும் வீட்டு விறாந்தைதான். யாழ்ப்பாணம் ஏறக்குறைய பதினைந்து கிலோமீற்றர். பகலில் பஸ் உண்டு. ஆனால் பஸ் ஓடுவது பெருவீதியால். வீடு இருப்பதோ ஒழுங்கைக்குள். பொழுதுபட்ட பிறகு ஓட்டோக்காரப் பொடியனுக்குப் போன் எடுத்து, அவன் ஹயர் முடித்து வரும்வரை படலையடியில் நிற்கவேண்டும்.

நிற்பதில் என்ன வந்துவிட்டது என்று கேட்பவர் இந்த ஊரின் செத்த வீடுகளை அறியாதவர். கல்யாண வீட்டுக்கு அழைப்பு வேண்டும். செத்த வீட்டுக்குக் கேள்விப்பட்ட உடனேயே போகவேண்டும். சங்கானையில் ஒன்று, இளவாலையில் ஒன்று, முப்பத்தோராம் நாளுக்குக் கீரிமலை என்று ஓய்வுபெற்றவரின் மாதம் இவற்றால்தான் நிரம்புகிறது. முகம் காட்டாதவரை ஊர் மெல்ல மறக்கிறது. வாசிகசாலைப் பேப்பர், கோயில் திருவிழா, வங்கியில் ஓய்வூதியம் என எல்லாவற்றுக்கும் வண்டியே கால். இதை வெறும் வசதி என்று பிள்ளைகள் கணக்கில் எழுதுவதால்தான் அவர்கள் வாதம் தகப்பனிடம் எடுபடுவதில்லை.

வசதிக்கு அப்பாலும் ஒன்று உண்டு. அதை இந்தப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மாதகலில் இருந்து சம்பில்துறைப் பக்கமாகக் கீரிமலைக்குக் கடலோரமாய் ஒரு பாதை போகிறது. இராணுவக் கட்டுப்பாட்டில் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த கரை அது. சோளகம் அடிக்கும் மாதங்களில் பின்னேரம் அந்தப் பாதையால் ஒருவர் மெதுவாக ஓடிப்போவதற்குக் கிளினிக்கும் காரணமல்ல, செத்த வீடும் காரணமல்ல. தான் போக நினைத்த இடத்துக்குத் தடுப்பாரின்றிப் போய்வரும் சுகம் அது. சோதனைச் சாவடிகளில் இறங்கி வண்டியை உருட்டிக்கொண்டு நடந்த தலைமுறைக்கு அந்தச் சுகம் மற்றவர்களுக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். முதுமையில் மோட்டார் சைக்கிள் ஓடுவதைக் கண்டிக்கிற எவரும் முதலில் இதை ஒப்புக்கொண்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

இந்த இன்பத்துக்கு விஞ்ஞான முத்திரை குத்தும் முயற்சியும் நடந்திருக்கிறது. ஜப்பானின் தொஹொக்குப் பல்கலைக்கழக மூளை ஆய்வாளர் ரியூதா கவாஷிமா, மோட்டார் சைக்கிள் ஓட்டுவது மூளையின் செயற்றிறனைக் கூட்டுகிறது என்று 2009 அளவில் அறிவித்தார். உலகெங்கும் வண்டிப் பிரியர்கள் அதைத் தூக்கிப்பிடித்தார்கள். ஆய்வில் கைகோத்த நிறுவனம் யமஹா. கலந்துகொண்டவர்கள் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருந்த ஆண்கள். அனுமதிப்பத்திரம் இருந்தும் பல வருடம் வண்டி தொடாதவர்கள். புதிதாக எதைப் பழகினாலும் மூளைக்கு வேலைதான். அந்த முடிவை எழுபது வயதுச் சில்லாலைக்காரருக்குப் பொருத்த நியாயமில்லை. சொல்லப்போனால், றலிச் சைக்கிளை விட்டு இயந்திரத்துக்கு மாறியபோது அவர் நாளாந்தத் தேகப்பயிற்சியை இழந்தார் என்பதே உண்மைக் கணக்கு.

ஆபத்துப் பக்கத்துக்கு வருவோம். "நாப்பது வருசமா ஓடுறன், ஒருக்காலும் விழேல்லை" என்பதுதான் தகப்பன்மார் கையிலுள்ள கடைசித் துருப்பு. பொய்யல்ல. ஆனால் அந்த நாற்பது வருடமும் எந்த றோட்டில் கழிந்தது? 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு பெற்றோல் தடைப்பட்டபோது இவர்களுக்கு முப்பது வயதை ஒட்டியிருக்கும். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட காலம். எம்.டி.90 மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் ஊரில் பெரிய ஆள். புகையைக் கக்கிக்கொண்டு அது போகும் வேகத்தில் சைக்கிள்காரனோடு கதைத்தபடியே போகலாம். எதிரே வருவதும் சைக்கிளே. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது வண்டியை ஓட்டியவரைவிட உருட்டியவரே அதிகம். இயந்திரத்தைப் பழுதுபார்க்கவும் எரிபொருளை மிச்சம்பிடிக்கவும் அந்தக் காலம் கற்றுத்தந்தது. பின்னால் மணிக்கு அறுபதில் வரும் வாகனத்தைக் கணிக்க அது கற்றுத்தரவில்லை.

2009இல் போர் முடிந்த பிறகு றோட்டெல்லாம் காப்பற் ஆனது. லீசிங்கில் பல்சரும் டிஸ்கவரும் வந்திறங்கின. மணல் டிப்பர்கள் வந்தன. மானிப்பாய், சண்டிலிப்பாய் தாண்டிப் பண்டத்தரிப்பு வழியே மாதகல் போகும் வீதியில் ஒரு முதியவர் வலப்பக்க ஒழுங்கைக்குள் திரும்பும் விதத்தைக் கவனித்தால் விபத்தின் கதை முழுவதும் விளங்கிவிடும். அவர் இடது ஓரமாக வருகிறார். வேகம் முப்பதுதான். ஒழுங்கை கிட்டியதும் வலது கையை அரைவாசி நீட்டுகிறார், அல்லது சிக்னலைப் போட்டுவிட்டு அதுவே போதுமென்று விட்டுவிடுகிறார். கழுத்து முன்போல் திரும்பாது. கண்ணாடியோ வீட்டுக் கூரையைக் காட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் மணிக்கு அறுபதில் வரும் பொடியன் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ பதினேழு மீற்றர் கடக்கிறான். பெரியவர் யோசித்துத் திரும்ப எடுக்கும் இரண்டு வினாடிக்குள் முப்பத்துமூன்று மீற்றர் போய்விடும். அவன் முந்தத் தொடங்கியிருந்தால் இருவரும் சந்திக்கும் இடம் அந்த ஒழுங்கை வாசல்தான். மெதுவாகப் போனால் பத்திரம் என்ற நம்பிக்கை இங்கே தலைகீழாகிறது. எல்லாரும் வேகமாகப் போகும் வீதியில் மெதுவாகப் போகிறவரின் பின்பக்கம்தான் ஆபத்து.

இரவு இன்னொரு கதை. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதுக் கண்ணை எட்டுவதில் மூன்றிலொரு பங்கு அளவே. எதிரே ஹைபீமில் ஒரு வாகனம் வந்து கடந்தால் கண் தெளியவும் கூடுதல் நேரம் எடுக்கும். அந்த இருட்டு இடைவெளிக்குள்தான் கட்டாக்காலி மாடு நிற்கிறது. தை, மாசியில் என்றால் வட்டுக்கோட்டை, அராலிப் பக்கம் றோட்டின் பாதியில் நெல் காய்ந்து, இரவில் சாக்கால் மூடிக் கிடக்கும். சுற்றிவரக் கல்லும் வைத்திருப்பார்கள். செத்த வீட்டால் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவருக்கு இந்த மூன்றும் சேர்ந்து வாய்க்கிறது.

விழுந்தபின் நடப்பதில் வயதின் பங்கு இன்னும் பெரிது. அமெரிக்க வைத்தியசாலைத் தரவுகளை 2001 முதல் 2008 வரை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வு, விபத்தில் சிக்கிய அறுபது கடந்த ஓட்டுநர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் வாய்ப்பு இளையவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டது. விலா எலும்பும் இடுப்பெலும்பும் ஒருபுறம் இருக்கட்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் பயப்படவேண்டியது தலைக்கு. வயது போகப் போக மூளை சற்றுச் சுருங்குகிறது. அதனால் மண்டையோட்டுப் பக்கம் போகும் நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. சிறிய அடியிலேயே அவை கசியலாம். மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர் அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் என்று இரத்தம் உறையாதிருக்கக் குளிசை போடுபவராக இருந்தால் கசிவு நிற்கப் பிந்தும். விழுந்த அன்று எழும்பி மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வருவார். கால் சுளுக்குக்கு முறிவு நெரிவு வைத்தியரிடம் பத்துப் போடுவார். இரண்டு மூன்று கிழமை கழித்துத் தலையிடி, பேர் மறதி, ஒரு கால் இழுப்பு. வயசு போனதில் வந்தது என்று வீடு நினைக்கும். யாழ். போதனா வைத்தியசாலையில் ஸ்கான் எடுத்தால்தான் மண்டைக்குள் இரத்தம் தேங்கியது தெரியவரும். சுளுக்குக்குப் பத்துப் போடுவதில் எனக்குப் பிணக்கில்லை. தலை அடிபட்டதை அதோடு சேர்த்துவிடுவதுதான் பொல்லாத வழக்கம்.

தலைக்கவசம் சாவு அபாயத்தை 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்று கொக்ரேன் அமைப்பின் 2008ஆம் ஆண்டு மீளாய்வு கணித்தது. பின்னால் இருப்பவருக்கும் இலங்கைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இருந்தும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் சோடிகளைப் பாருங்கள். மனிசி சேலையோடு ஒருபக்கமாக இருப்பார். ஒரு கையில் அருச்சனைத் தட்டு. தலையில் பூ இருக்கும், கவசம் இராது. உள்வீதியில் பொலிஸ் நிற்காது என்ற கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒருபக்கப் பாரம், பிடிமானமில்லாத கை, சில்லுக்குக் கிட்டத் தொங்கும் முந்தானை எல்லாம் அறுபத்தெட்டு வயதுக் கைகளின் சமநிலையில் வந்து தங்குகின்றன. தன் உயிரை வைத்து ஒருவர் கணக்குப் போடலாம். மனைவியின் உயிரை அதே கணக்கில் சேர்க்க அவருக்கு என்ன உரிமை?

வண்டியை மாற்றினால் பாதி தீரும் என்பார்கள். கால் தூக்கிப்போடத் தேவையில்லாத ஸ்கூட்டர் மூட்டுவலிக்காரருக்கு வரப்பிரசாதம். ஸ்கூட்டி பெப் நூறு கிலோவுக்கும் குறைவு, சரிந்தாலும் பிடிக்கலாம். இரண்டு பிறேக்கும் கையில் இருப்பதால், நீரிழிவால் பாதம் மரத்தவருக்குக் கால் பிறேக்கைத் தேடும் வேலையில்லை. எதிர்ப்பக்கத்தில், பத்து அங்குலச் சில்லு மாரிக் குழிக்குள் இறங்கினால் ஏறாது. பதினெட்டு அங்குலச் சில்லுள்ள ஸ்பிளெண்டர் அதைக் கடந்துவிடும். இதைவிடப் பெரிய தடை விலை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடையில் பழைய வண்டிகள் புதியதின் விலைக்கும் மேலே போயின. ஓய்வூதியக்காரர் பதினைந்து வருடப் பழைய கியர் வண்டியோடேயே முதுமைக்குள் நுழைந்தார்.

2022இல் எரிபொருள் நெருக்கடி வந்து கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று அரசு அளந்தபோது இளைஞர்கள் திண்டாடினார்கள். நான்கு லீற்றரில் சிறிய வண்டி கிட்டத்தட்ட இருநூறு கிலோமீற்றர் ஓடும். கிளினிக், கோயில், சந்தை, வாசிகசாலை எல்லாம் அதற்குள் அடங்கும். ஒரு முதியவரின் தேவை எவ்வளவு சிறியது என்பதற்கு அந்தப் பங்கீடே சாட்சி. ஆகவே முழுதாக நிறுத்து என்பதும் முழுதாக விடு என்பதும் தேவையற்ற வாதங்கள். ஒவ்வொன்றாகக் கழிக்கலாம். முதலில் மனைவியைப் பின்னால் ஏற்றுவது, அடுத்தது இரவு, பிறகு யாழ்ப்பாணம் வரையான பெருவீதி. பகலில் உள்வீதியால் தனியாகப் போவது கடைசிவரை இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து தடை உத்தரவு போடும் பிள்ளை, இரவுச் செத்த வீட்டுக்கான ஓட்டோக் காசை மாதாமாதம் அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். காசு அனுப்பாமல் சாவியை ஒளிக்கச் சொல்வது மலிவான பாசம்.

சட்டத்தின் குறை வேறு இடத்தில். இலகுரக வாகன அனுமதிப்பத்திரம் எட்டு ஆண்டு செல்லுபடியாகும். புதுப்பிக்கும்போது தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் வேண்டும். அறுபத்திரண்டில் கண்ணும் காதும் தேறியவருக்கு அறுபத்தைந்தில் வெண்புரை வரலாம், அறுபத்தேழில் பாரிசவாதம் வரலாம். பத்திரம் எழுபது வரை செல்லும். முப்பது வயதுக்காரருக்கும் அறுபது கடந்தவருக்கும் ஒரே எட்டு ஆண்டு என்பது உடம்பை அறியாத எண்ணிக்கை. ஆனால் அதே மனிதரை மாதாமாதம் கிளினிக்கில் ஒரு வைத்தியர் பார்க்கிறார். என்ன குளிசை, சீனி எவ்வளவு ஏறி இறங்குகிறது, எழும்பும்போது தலை சுற்றுகிறதா என்பதெல்லாம் கொப்பியில் இருக்கிறது. "என்னத்தில வந்தனீங்கள், ஐயா?" என்று ஒரு கேள்வியையும் அவர் சேர்த்துக் கேட்டால் எட்டு வருடச் சான்றிதழைவிடப் பயன்படும். வைத்தியர் சொன்னால் கேட்கும் பழக்கம், மகள் சொன்னால் கேட்கும் பழக்கத்தைவிட இந்த ஊரில் உறுதியாக இருக்கிறது.

இவ்வளவு நேரமும் ஆண்களைப் பற்றியே பேசியாயிற்று. ஊரும் அப்படித்தான் பேசுகிறது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஸ்கூட்டி வாங்கிப் பள்ளிக்கூடம் போய்வந்த ஆசிரியைகள் இப்போது ஓய்வுபெறத் தொடங்கிவிட்டார்கள். இயந்திர வண்டியிலேயே முதுமை அடையும் முதல் பெண் தலைமுறை இவர்களாகத்தான் இருக்கும். நாற்பதைத் தாண்டிப் பழகியவர்கள். டிப்பரும் பல்சரும் ஓடும் இன்றைய றோட்டிலேயே பழகியவர்கள். கண்ணாடி பார்ப்பதும் கவசம் போடுவதும் அவர்களுக்குப் பாடத்தின் பகுதியாக வந்தவை. ஆனாலும் ஒரு சின்னச் சிராய்ப்பு போதும், மகனோ மனிசனோ சாவியை வாங்கி வைத்துவிடுவார்கள். இரண்டு முறை விழுந்த தகப்பனிடம் அதே மகன் வாய் திறப்பதில்லை. ஒழுங்கை முகப்பில் இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி, வலமும் இடமும் பார்த்துக்கொண்டு நிற்கும் ஓய்வுபெற்ற ரீச்சரைப் பின்னால் நின்று கோர்ன் அடித்து அவசரப்படுத்துகிறவர், அநேகமாக, நாற்பது வருடம் விழாதவர்.