ராக்மனினோவின் இரண்டாம் கன்செர்ட்டோ: அடங்கி வாசிக்கும் கலை

செர்கேய் ராக்மனினோவின் இரண்டாம் பியானோ கன்செர்ட்டோ (சி மைனர், ஓபஸ் 18) இசைக்குழு மௌனமாக இருக்க, பியானோவின் கார்டுகளோடு மட்டும் தொடங்குகிறது. காதுக்கு எட்டாத மென்மையில் பிறந்து, எட்டு பார்களுக்குள் முழு உரப்பை எட்டும் கார்டுகள் அவை. ஒவ்வொன்றின் அடியிலும் அதே தாழ்ந்த எஃப் சுரம் வந்து விழுகிறது. சிறுவயதில் நோவ்கொரோதின் தேவாலய மணிகளைக் கேட்டு வளர்ந்தவர் ராக்மனினோவ். அந்த மணியோசையின் சாயல் இங்கே இருப்பதாகக் கருதுவோர் பலர். இந்தக் கார்டுகளுக்கு இடக்கை வெகுவாக விரிய வேண்டும். ராக்மனினோவின் பெரிய கைகளுக்கு அது சிரமமில்லை. மற்றவர்களில் பலர் அடிச்சுரத்தைச் சற்று முன்னதாகத் தொட்டுவிட்டு மேற்சுரங்களுக்குத் தாவுவார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் அந்தத் தாவல் ஒவ்வொரு பாரிலும் ஒரே சீராக அமையாவிட்டால் மணியின் கனம் கலைந்துவிடும்.

அடுத்து வருவதுதான் உண்மையான சோதனை. முதல் பெரிய மெட்டு பியானோவுக்குத் தரப்படவில்லை. வயலின்களும் வயோலாக்களும் கிளாரினெட்டும் அதைப் பாட, பியானோ கீழிருந்து மேலும் மேலிருந்து கீழுமாகச் சுர அலைகளை ஓட்டிக்கொண்டிருக்கிறது. மேடையின் நடுவில் அமர்ந்திருக்கும் கலைஞர், தன் கன்செர்ட்டோவின் தலைமெட்டுக்கே பக்கவாத்தியம் வாசிக்கிறார். அந்த அலைகளை முன்னுக்குத் தள்ளி வாசித்தால் மெட்டு மூழ்கும். ஒடுக்கி வாசித்தால் மெட்டுக்கு அடித்தளம் போய்விடும். இசைத்தட்டில் இந்தச் சமநிலை கலைஞரின் விரல்களில் மட்டும் இல்லை, ஒலிவாங்கியை வைக்கும் பொறியாளரின் கையிலும் இருக்கிறது. பியானோவுக்கு மிக அருகில் ஒலிவாங்கி வைத்த பதிவுகளில், அரங்கில் எவருமே கேட்டிராத தெளிவோடு சுர அலைகள் பளிச்சிடும். வயலின்கள் பக்கத்து அறைக்குப் போய்விடும். தனிக்கலைஞரின் பெயரால் விற்கும் தட்டுகளில் இந்தக் குறை அதிகம்.

படைப்பு பிறந்த கதை பலருக்கும் தெரிந்ததே. 1897-இல் பீட்டர்ஸ்பர்க்கில் கிளாசுனோவ் நடத்திய ராக்மனினோவின் முதல் சிம்பொனி படுதோல்வி அடைந்தது. அவருடைய பேனா ஏறக்குறைய மூன்றாண்டுகள் முடங்கியது. 1900-இல் மருத்துவர் நிக்கலாய் தாலிடம் சிகிச்சை பெற்றபின் எழுதிய இந்தக் கன்செர்ட்டோவை அவருக்கே அர்ப்பணித்தார். இரண்டாம், மூன்றாம் பகுதிகள்தான் முதலில் எழுந்தன. முழுப்படைப்பும் 1901 நவம்பரில் மாஸ்கோவில் அரங்கேறியது. நடத்தியவர் ராக்மனினோவின் உறவினர் சிலோத்தி. இந்தக் கதையே பல வாசிப்புகளைக் கெடுத்துவிட்டது எனலாம். நோயுற்ற மனத்தின் புலம்பலாக எண்ணி ஒவ்வொரு திருப்பத்திலும் காலப்பிரமாணத்தை இழுப்பவர்கள் உண்டு. 1945-இல் டேவிட் லீன் எடுத்த 'பிரீஃப் என்கவுன்டர்' படம் இதே இசையைப் பிரிவுத்துயரின் பின்னணியாக்கியதும் (அதில் வாசித்தவர் ஐலீன் ஜாய்ஸ்) அந்தப் பழக்கத்துக்குத் துணைபோயிற்று.

ராக்மனினோவின் சொந்த வாசிப்பில் அந்தப் புலம்பல் இல்லை. 1929-இல் ஸ்டோகோவ்ஸ்கி நடத்திய ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவோடு அவர் பதிவு செய்த தட்டில் முதல் பகுதி பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. சொற்றொடர்கள் நெகிழ்கின்றன, ஆனால் தேங்குவதில்லை. உருக்கமான இடங்களில்கூட அவர் அடுத்த படியை நோக்கியே நகர்கிறார். ஒவ்வொரு படைப்புக்கும் ஓர் உச்சப்புள்ளி உண்டு, அதைக் கணக்காக நெருங்க வேண்டும், அது தவறினால் மொத்தமும் சரிந்துவிடும் என்பது அவர் கருத்து. எழுத்தாளர் மரியெத்தா ஷகின்யானிடம் அவர் இதைச் சொல்லியிருக்கிறார். முதல் பகுதியில் அந்தப் புள்ளி நடுவைத் தாண்டி வருகிறது. தலைமெட்டு அணிவகுப்பு நடையில் இசைக்குழுவில் திரும்ப, பியானோ அதன்மேல் கனத்த கார்டுகளால் எதிர்ப்பாட்டு அறைகிறது. அதுவரை அடங்கியிருந்த பியானோவுக்கு அங்கேதான் முழுக்குரல் கிடைக்கிறது. அதற்கு முன்பே மூன்று முறை உச்சத்துக்குப் போய்விட்ட கலைஞரிடம், அந்த இடத்தில் கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

வேகம் மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு ஸ்வியத்தஸ்லாவ் ரிக்டர் சான்று. விஸ்லோத்ஸ்கி நடத்திய வார்சா பில்ஹார்மோனிக்குடன் 1959-இல் டாய்ச் கிராமஃபோனுக்காக அவர் செய்த பதிவில் முதல் பகுதி பதினொரு நிமிடத்தைத் தாண்டுகிறது. தொடக்கக் கார்டுகள் மிக மெதுவாக எழுகின்றன. வயலின்கள் நுழைந்தபிறகும் அவர் அந்தக் கனத்தைக் கைவிடுவதில்லை. ராக்மனினோவின் நடைக்கு இது நேர் எதிர். ஆனாலும் கட்டுக்கோப்பு குலையவில்லை, ஏனெனில் ரிக்டரின் கண்ணும் அதே உச்சத்தின்மேல்தான். 1965-இல் ஹோரென்ஸ்டைன் நடத்த எர்ல் வைல்ட் வாசித்தது மறு துருவம்: ராக்மனினோவின் வேகத்தை ஒட்டிய, ஈரம் குறைந்த, துல்லியமான வாசிப்பு. பிரெவின் நடத்த அஷ்கெனாசி 1970-களின் தொடக்கத்தில் டெக்காவுக்குச் செய்தது இவற்றுக்கு இடைப்பட்டது. இசைக்குழுவின் கதகதப்புக்காக முதன்முறை கேட்பவர் அதிலிருந்து தொடங்கலாம்.

இரண்டாம் பகுதியான அடாஜியோ, முதல் பகுதியின் சி மைனரிலிருந்து நான்கே பார்களில் ஈ மேஜருக்கு நகர்கிறது. பிறகு பியானோ மும்மூன்றாக எழுதப்பட்ட சுரங்களை நான்கு நான்காகத் தொகுத்து வாசிக்கிறது. எனவே தாளம் மூன்றா நான்கா என்று காது தடுமாறுகிறது. புல்லாங்குழல் நுழைந்ததும்தான் கணக்குத் தெளிகிறது. அந்த மயக்கத்தை அழுத்தம் கொடுத்து விளக்கிவிடும் கலைஞர்கள் நல்லதொரு புதிரைக் கெடுக்கிறார்கள். புல்லாங்குழலுக்குப் பின் கிளாரினெட் மெட்டை எடுக்கிறது. இங்கும் பியானோ துணைதான். பின்னர் மெட்டு பியானோவுக்கு வர, துணைச்சுரங்கள் இசைக்குழுவுக்குப் போகின்றன. கிளாரினெட் பாடிய அதே மூச்சளவில் பியானோவும் பாடினால் கைமாறியது தெரியாமலே கைமாறும். சுத்தியல் தட்டும் கருவியிடம் மூச்சைக் கேட்பது அநியாயம்தான்; ஆனால் இப்பகுதி அதைத்தான் கேட்கிறது.

இறுதிப் பகுதி விரல் வேகத்துக்கு இடம் தருகிறது. ஆபத்து அதில் இல்லை, வயோலாவும் ஓபோவும் அறிமுகப்படுத்தும் பாட்டுமெட்டில் இருக்கிறது. அது பலமுறை திரும்பி, கடைசியில் சி மேஜரில் முழு இசைக்குழுவோடு பேருருக் கொள்கிறது. முதல் வருகையிலேயே அதை உருக்கிவிட்டால் கடைசி வருகை வெறும் சத்தமாகிறது. ராக்மனினோவ் தன் பதிவில் அந்த முதல் வருகையை ஏறக்குறைய சாதாரணமாகவே கடந்துபோகிறார்.