ஐரோப்பிய வேளாண்மையும் இயற்கைப் பாதுகாப்பும்: ஆய்வுகள் பற்றிய மதிப்பீடு

ஐரோப்பாவில் வேளாண்மை, நிலத்தோற்றம், இயற்கைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு இடையிலான உறவு 1990களிலிருந்து விரிவாக ஆராயப்பட்டு வருகிறது. அங்கு இயற்கை எனப் போற்றப்படும் இடங்களில் பல, உழவரும் மேய்ப்பரும் உருவாக்கியவை. இங்கிலாந்தின் உயிர்வேலிகள், ஆல்ப்ஸ் மலையின் மேய்ச்சல் வெளிகள், ஸ்பெயினில் ஓக் மரங்களுக்கிடையே கால்நடை மேயும் தெகேசா நிலங்கள் ஆகியவை எடுத்துக்காட்டுகள். எனவே வேளாண்மை இயற்கையை அழிக்கிறதா, காக்கிறதா என்ற கேள்விக்கு இந்த ஆய்வுகள் இருவகை விடைகளையும் தந்துள்ளன. அவ்விடைகளின் அடிப்படையில் பெரும் பொதுப்பணம் செலவிடப்படுவதால், அவற்றின் வலிமையையும் குறைகளையும் அறிவது தேவையாகிறது.

தீவிர வேளாண்மை பற்றிய ஆய்வுகள்

1962இல் தொடங்கிய பொது வேளாண் கொள்கை, விளைச்சலைப் பெருக்கிய உழவருக்கு அதிக ஆதரவு அளித்தது. உயிர்வேலிகள் அகற்றப்பட்டன; ஈரநிலங்கள் வடிக்கப்பட்டன. வசந்த கால விதைப்புக்குப் பதிலாக இலையுதிர்கால விதைப்பு பரவியதால், குளிர்காலத்தில் பறவைகளுக்கு விதை தந்த அரிதாள் வயல்கள் குறைந்தன. டொனால்ட், கிரீன், ஹீத் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு, தானிய விளைச்சல் உயர்ந்த நாடுகளில் வயல்வெளிப் பறவைகள் அதிகம் குறைந்ததைக் காட்டியது. நாடுகளுக்கிடையிலான வேறுபாட்டில் 30 விழுக்காட்டுக்கும் மேலானதை விளைச்சல் என்ற ஒரே அளவால் விளக்க முடிந்தது. இது தொடர்பை மட்டுமே காட்டும் ஆய்வு. காரணத்தைத் தனியே நிறுவாது. எனினும் வானம்பாடி போன்ற பறவைகளைப் பற்றிய களஆய்வுகள் இதே திசையைக் காட்டியதால் இதன் முடிவு வலுப்பெற்றது.

கைவிடப்பட்ட நிலங்கள்

பிக்னல், மெக்கிராக்கன் ஆகியோர் 1996இல் வேறொரு பக்கத்தை முன்வைத்தனர். குறைந்த உள்ளீடுகளுடன் நடக்கும் பழைய வேளாண் முறைகள் நின்றுபோனால், அவற்றைச் சார்ந்த உயிரினங்களும் மறையும் என்பது அவர்களின் வாதம். பெரிய நீல வண்ணத்துப்பூச்சியின் வரலாறு இதற்குச் சான்று. அதன் புழு ஒருவகைச் செவ்வெறும்பின் கூட்டில் வளர்கிறது. அவ்வெறும்புக்கு வெயில் படும் குட்டைப் புல்வெளி வேண்டும். கால்நடை மேய்ச்சல் குறைந்து, நோயால் முயல்களும் மடிந்தபின் புல் உயர்ந்தது, எறும்பு குறைந்தது. 1979இல் அந்த வண்ணத்துப்பூச்சி பிரிட்டனிலிருந்து மறைந்தது. ஜெரமி தாமஸ் இக்காரணத்தைக் கண்டறிந்த பின்னரே, சுவீடனிலிருந்து கொண்டுவந்து மீண்டும் நிலைபெறச் செய்ய முடிந்தது. வேலி போட்டு மனிதரை விலக்குவது மட்டுமே பாதுகாப்பு என்ற எண்ணத்தை இது தகர்த்தது.

மானியத் திட்டங்களும் பயனும்

1992ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், சூழலுக்கு உகந்த வேளாண்மைக்குப் பணம் தரும் திட்டங்களை உறுப்பு நாடுகளுக்குக் கட்டாயமாக்கியது. டேவிட் கிளெய்ன் குழுவினர் 2001இல் நெதர்லாந்தில் 78 இணை வயல்களை ஒப்பிட்டனர். திட்டத்தில் இருந்த வயல்களில் தாவர, பறவை வகைகள் கூடவில்லை; தேனீக்களும் மலரீக்களும் மட்டும் சிறிது கூடின. இம்முடிவு பெரும் விவாதத்தை எழுப்பியது. எனினும் இத்தகைய ஒப்பீடு வயல்களின் இன்றைய நிலையைக் காட்டுமேயன்றி, அவை எந்த நிலையிலிருந்து தொடங்கின என்பதைக் காட்டாது.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வேறு விளைவு கிடைத்தது. சிர்ல் பண்டிங் என்னும் அரிய சிறுபறவை, 1992க்கும் 1998க்கும் இடையில் திட்ட நிலங்களில் 83 விழுக்காடு பெருகியது. அடுத்திருந்த நிலங்களில் 2 விழுக்காடே கூடியது. குளிர்காலத்தில் அரிதாள் வயல், கோடையில் வெட்டுக்கிளி நிறைந்த புல்வெளி என அப்பறவைக்குத் தேவையானவை குறிப்பாகத் தரப்பட்டதே காரணம். ஆகவே இரு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. பொதுவான நிபந்தனைக்குத் தரும் பணமும் குறிப்பிட்ட தேவைக்குத் தரும் பணமும் ஒரே பயனைத் தருவதில்லை என்பதே அவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது தெரிவது.

குறைபாடுகள்

கிளெய்ன், சதர்லாந்து ஆகியோர் 2003இல் ஐந்து ஒன்றிய நாடுகளிலும் சுவிட்சர்லாந்திலும் நடந்த 62 மதிப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்தனர். அவற்றில் 76 விழுக்காடு நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் நடந்தவை. அவ்விரு நாடுகளும் அதுவரை செலவிட்டது ஒன்றியத்தின் இத்திட்ட நிதியில் ஏறத்தாழ 6 விழுக்காடு மட்டுமே. பணம் சென்ற இடம் ஒன்று, அளந்த இடம் வேறொன்று. தெற்கிலும் கிழக்கிலும் உள்ள பழைய வேளாண் நிலங்கள் இதனால் போதிய கவனம் பெறவில்லை.

இரண்டாவது குறை அளவீட்டு எல்லை சார்ந்தது. தனி வயலை அளப்பது எளிது. ஆனால் பறவையும் பூச்சியும் சுற்றியுள்ள நிலத்தோற்றம் முழுவதையும் சார்ந்து வாழ்கின்றன. மூன்றாவதாக, உழவர் பல ஆய்வுகளில் விளைச்சல், உர அளவு என்னும் எண்களாகவே இடம்பெறுகிறார். அவர் ஏன் திட்டத்தில் சேர்கிறார், மேய்ச்சலை ஏன் கைவிடுகிறார் என்பவை சூழலியல் அட்டவணையில் இடம்பெறுவதில்லை.

கிரீன் குழுவினர் 2005இல் முன்வைத்த கணித மாதிரி, விளைச்சலைச் சில இடங்களில் உயர்த்தி எஞ்சிய நிலத்தை இயற்கைக்கு விடலாமா என்று தெளிவாகக் கேட்க உதவியது. ஆயினும் விடப்படும் நிலம் உண்மையில் காக்கப்பட வேண்டும் என்பது அதன் முன்நிபந்தனை. மேய்ச்சலையும் உழவையும் சார்ந்த ஐரோப்பிய உயிரினங்களுக்கு, விடப்பட்ட நிலமே வாழிடம் ஆகிவிடாது.

2020இல் ஐரோப்பியத் தணிக்கை மன்றம், வேளாண் கொள்கை வயல்வெளிப் பல்லுயிர் வளத்தின் சரிவைத் தடுக்கவில்லை என்று அறிவித்தது. ஆய்வு போதாமையை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. எந்த உயிரினத்துக்கு எது தேவை என அறிந்து செய்த இடங்களில் பயன் கிடைக்கும் என்பதை டெவன் பறவையும் நீல வண்ணத்துப்பூச்சியும் முன்பே காட்டியிருந்தன. நிதியின் பெரும்பகுதி அந்த அறிவைப் பின்பற்றிப் பங்கிடப்படவில்லை.