பச்சைக்கொடி காட்டினாரா கிளாஸ்பி?

1990 ஜூலை 25. பாக்தாத்தில் அமெரிக்கத் தூதராக இருந்த ஏப்ரல் கிளாஸ்பியை ஈராக் அதிபர் சதாம் உசேன் திடீரென வரச்சொன்னார். வாஷிங்டனைக் கலந்தாலோசிக்க அவகாசமில்லை. எட்டே நாளில், ஆகஸ்ட் 2 அன்று, ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. சதாமுக்குப் பச்சைக்கொடி காட்டியவர் என்ற பழி அன்றிலிருந்து கிளாஸ்பியின் தலையில்தான்.

1966-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்து, குவைத், கெய்ரோ, டமாஸ்கஸ் எனப் பணியாற்றி, அரபு நாடொன்றுக்கு அமெரிக்கா அனுப்பிய முதல் பெண் தூதராக உயர்ந்தவர் அவர். அத்தனை ஆண்டு உழைப்பும் ஒரே வாக்கியத்தில் கரைந்துபோனது: அரபு நாடுகளுக்கிடையேயான பூசலில் அமெரிக்கா எந்தப் பக்கமும் சாயாது. இதை அவர் சொன்னது உண்மை. ஆனால் அது அவருடைய சொந்தச் சரக்கல்ல, வாஷிங்டனின் கொள்கை. ஜூலை 31 அன்றுகூட, வெளியுறவுத் துறையின் ஜான் கெல்லி, குவைத்தைக் காக்க ஒப்பந்தக் கடமை ஏதுமில்லை என்று நாடாளுமன்றக் குழுவிடமே சொன்னார். குவைத்துடனான தகராறு அமைதி வழியில்தான் தீர வேண்டும் என்று கிளாஸ்பி சதாமிடம் வலியுறுத்தியதும், குவைத் எல்லையில் படை குவிவது ஏன் என்று கேட்டதும், சந்திப்பு பற்றி அவர் வாஷிங்டனுக்கு அனுப்பி, பின்னாளில் வெளிவந்த தந்தியில் இருக்கின்றன. ஈராக் வெளியிட்ட உரையாடல் பதிவைக் குறைபட்டது என்று 1991-ல் செனட் குழுவின் முன் அவர் மறுத்ததில் நியாயம் உண்டு.

என் குற்றச்சாட்டு வேறு. அதே தந்தியின் தலைப்பைப் பாருங்கள்: அதிபர் புஷ்ஷுக்குச் சதாமின் நட்புச் செய்தி! பேச்சின் நடுவே எகிப்து அதிபர் முபாரக்கின் தொலைபேசி அழைப்புக்காகச் சதாம் எழுந்து போனார். திரும்பி வந்து, குவைத்தோடு பேச்சுவார்த்தைக்கு இசைந்துவிட்டதாகச் சொன்னார். கிளாஸ்பி அதை நம்பினார். பேச்சுவார்த்தை எப்படிப் போகிறதென்று தெரியும்வரை ஈராக்கைப் பகிரங்கமாக விமர்சிப்பதைக் குறைத்துக்கொள்ளலாம் என்று வாஷிங்டனுக்கு யோசனையும் எழுதினார். எல்லையில் நின்ற படையைவிடச் சதாமின் வாய்ச்சொல்லுக்கு எடை கொடுத்த கணிப்பு இது. கால் நூற்றாண்டு அரபு அனுபவம் உள்ளவரிடம் எதிர்பார்க்கக் கூடாதது.

ஆக, பச்சைக்கொடி காட்டினார் என்பது பொய். ஆளை எடைபோடத் தவறினார் என்பது மெய். அந்தத் தவறிலும் அவர் தனியாக இல்லை. ஜூலை 28 அன்று புஷ் சதாமுக்கு அனுப்பிய செய்தியும் அதே மென்மையான தொனியில்தான் இருந்தது. கொள்கை வகுத்தவர்கள் பின்னர் நடந்த வளைகுடாப் போரை வென்ற பெருமையோடு நடந்தார்கள். கிளாஸ்பி 2002-ல் ஓய்வு பெறும்வரை வேறெந்த நாட்டுக்கும் தூதராக அனுப்பப்படவில்லை.