மேற்கோளும் பதிப்பும்

ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோளுக்கு ஆதாரங் காட்டுவதை வெறுஞ் சடங்காகக் கருதும் போக்கு நம்மிடையே நிலவுகின்றது. ‘புறநானூறு’ என்று மட்டும் குறித்தமைவோர் பலர். உ. வே. சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட பதிப்பா, பிற்காலப் பதிப்பா, மின்னூலா என்பது மறைந்துவிடுகின்றது. பதிப்புக்குப் பதிப்பு பாடம் வேறுபடலாம். பாடம் வேறுபடின் அதன்மேல் எழுப்பிய முடிபும் ஆட்டங்காணும்.

மின்படியைப் படித்துவிட்டு அச்சு நூலைக் கண்டதாகக் காட்டுவது இதனினும் பெருங்குறை. அச்சுப் பக்கங்களை அவ்வாறே படம்பிடித்த படியில் மூலநூலின் பக்க எண் பயன்படும். எழுத்தளவுக்கேற்பப் பக்கம் மாறும் மின்னூலிலோ செய்யுளெண்ணும் இயலெண்ணுமே வழிகாட்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்ணக் கண்ட சமூகத்துக்கு மின்படிகள் அரிய பேறு. அப்பேற்றைத் துய்த்துவிட்டு மறைத்தல் தகாது. கண்ட வடிவத்தையே குறித்தல் ஆய்வு நேர்மையின் முதற்படியாகும்.