ஏழரை மணி நேரக் கணக்கு

என் மேஜையில் ஒரு நோட்டீஸ் கிடக்கிறது. மஞ்சள் தாள், ஓரமெல்லாம் மடிந்து போயிருக்கிறது. ராஜபாளையத்தில் டீக்கடை வாசலில் நின்றவன் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். கேரளச் சுற்றுலா, மூன்று பகல், நான்கு இரவு, தீம் பார்க் உண்டு, சாப்பாடு உட்பட. வேன் நடத்துகிறவர் பெயர் இங்கே வேண்டாம். இந்த மாதிரித் தாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கிடைக்கும், சிவகாசியிலும் கிடைக்கும், வாசகம் ஒன்றுதான்.

ஒரு புத்தகத்தை விமர்சிக்கிற மாதிரி இதை விமர்சித்தால் என்ன என்று தோன்றியது. செய்து பார்க்கிறேன்.

முதலில் வினைச்சொற்கள். 'புறப்படுதல்', 'சென்றடைதல்', 'கண்டு களித்தல்', 'தரிசித்தல்', மறுபடி 'புறப்படுதல்'. தாள் முழுக்கத் தேடினேன். 'உட்காருதல்' இல்லை. 'தூங்குதல்' இல்லை. நான்கு இரவு என்கிறார்களே, அதில் எத்தனை இரவு படுக்கையில்? முதல் இரவு ஒன்பது மணிக்கு ஊரை விட்டுக் கிளம்புகிறது, எனவே வேனில். இரண்டாம் இரவு லாட்ஜ், அதுவும் படகுச் சவாரி, கடைவீதி எல்லாம் முடிந்த பிறகு. மூன்றாம் இரவு பூங்காவிலிருந்து நேரே குருவாயூர். அங்கே நிர்மால்ய தரிசனம் விடியற்காலை மூன்று மணிக்கு, அதற்கு வரிசை பிடிக்க வேண்டும் என்றால் தூக்கம் ஏது? நான்காம் இரவு திரும்ப வேன். ஆக, ஒரே ஒரு இரவு. அதையும் பாதி என்றே சொல்லலாம்.

இதைச் சிரித்துக்கொண்டு எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. இரண்டு வருஷம் முன்பு எங்கள் குடும்பத்துக்கு இதைவிட மோசமான ஒரு தாளைத் தயாரித்தவன் நான்தான். எக்செல்லில் போட்டேன். கால் மணிக்கு ஒரு கட்டம். யூடியூபில் 'ஒரே நாளில் எல்லா ரைடும்' என்று போடுகிற பையன்களின் வீடியோ நாலைந்து பார்த்துவிட்டு, எந்த ராட்டினத்துக்கு முதலில் ஓட வேண்டும், எதைச் சாப்பாட்டு நேரத்தில் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் வண்ணம் அடித்து வைத்திருந்தேன். கூட வந்தவர்கள் ஏழு பேர். அம்மாவுக்கு அறுபத்தேழு வயது, முழங்கால் வலி. அண்ணன், மதினி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், என் மனைவி, நான். சின்னவனுக்கு ஐந்து வயது.

என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பகல் ஒரு மணிக்குள் திட்டம் குலைந்தது. சின்னவனை உயரம் அளந்து இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். அது பாதுகாப்புக்கான விதி, அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்தான் அவன் உயரத்தை வீட்டிலேயே அளந்து பார்க்கவில்லை. மூன்று மணிக்கு அண்ணனும் நானும் பேசிக்கொள்ளவில்லை. சாயங்காலம் வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: "ஏய்யா, இன்னைக்கு எத்தன மணி நேரம் நான் அந்தப் பைகளுக்குக் காவலு இருந்தேன்னு கணக்குப் போட்டியா?"

போடவில்லை. என் தாளில் ஏழு பேருக்கும் பத்தி இருந்தது, ஆனால் பைக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் யார் என்று ஒரு கட்டம் இல்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் அந்த வேலைக்குத் தானாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறார். பெரும்பாலும் அது ஒரு பெண். துண்டு, மாற்றுத் துணி, தண்ணீர் பாட்டில், எல்லார் செல்போனும் அவர் மடியில். சலுகைக் கட்டணமோ முழுக் கட்டணமோ, அவருக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறோம். அவர் பார்த்தது ஒரு சிமெண்டு பெஞ்சு.

இனி கணக்கு. நம் பக்கத்துப் பூங்காக்கள் பலவும் பத்தரை, பதினொன்று வாக்கில் திறந்து மாலை ஆறு, ஆறரைக்கு மூடுபவை. ஏழரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம், 450 நிமிஷம். (ஏழரை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறதோ அதேதான் எனக்கும் வந்தது.) டிக்கெட் சோதனை, பை சோதனை, லாக்கர் எல்லாம் சேர்த்து அரை மணி. தண்ணீர் விளையாட்டுக்குத் துணி மாற்றி, குளித்து, மறுபடி மாற்ற முக்கால் மணி. சாப்பாடு ஒரு மணி. மீதி 315 நிமிஷம்.

ஒரு ராட்டினத்துக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை வரிசையின் முனையில் நின்றே கணக்கிடலாம். ஒரு சுற்றில் 24 பேர், ஏற்றி இறக்கி ஒரு சுற்று முடிய 4 நிமிஷம் என்றால் நிமிஷத்துக்கு 6 பேர். முன்னால் 180 பேர் நின்றால் அரை மணி. இதையே முறையாக நிறுவியவர் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர், 1961இல். தொழிற்சாலை, வங்கி, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் இன்றுவரை அவர் பெயரில்தான் அந்த விதி வழங்குகிறது. ஆக, விடுமுறை நாளில் நிற்க 30 நிமிஷம், சுற்ற 3 நிமிஷம், அடுத்ததற்கு நடக்க 7 நிமிஷம், மொத்தம் 40. இருக்கிற 315ஐ 40ஆல் வகுத்தால் எட்டுகூட முழுசாக வரவில்லை.

ஐம்பதுக்கு மேல் ராட்டினம் என்று பலகை சொல்கிறது. எட்டு என்று கணக்கு சொல்கிறது. நடுவில் இருக்கிற அந்த நாற்பத்திச் சொச்சம்தான் நம்மை ஓட வைக்கிறது. கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை போனால் எட்டு பதினைந்து ஆகலாம், அது தனி.

நிதானமாகப் போங்கள், அவசரப்படாதீர்கள் என்று யார் வேண்டுமானாலும் அறிவுரை சொல்லலாம். ஆனால் அவசரம் மனசில் பிறக்கவில்லை, டிக்கெட்டில் பிறக்கிறது. ஒரு நாள் நுழைவு, உள்ளே எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்பது விலை நிர்ணயம் மட்டுமில்லை, உத்தரவும்கூட. பந்தியில் உட்கார்ந்துவிட்டு அளவாகச் சாப்பிடு என்றால் எப்படி?

பூங்கா என்றாலே இப்படித்தானா? அமெரிக்காவில் 1971இல் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டில் பல நாள் டிக்கெட் உண்டு. நாள் கூடக் கூட, ஒரு நாளுக்கு விழும் விலை குறையும். பூங்காவை ஒட்டியே விடுதிகள். காலையில் போய், வெயில் ஏறினதும் அறைக்குத் திரும்பி, பிள்ளைகளைத் தூங்கப் போட்டு, சாயங்காலம் மறுபடி உள்ளே போவது அங்கே பழகிய குடும்பங்களின் வழக்கம். நிதானத்துக்கு டிக்கெட்டிலேயே இடம் இருக்கிறது.

அதைப் பார்த்து நாம் ஏங்க வேண்டியதும் இல்லை. வரிசையைச் சுருக்க 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்று இலவசமாகக் கொண்டுவந்தார்கள். பிறகு அது முன்பதிவாக வளர்ந்தது. பூங்காவின் விடுதியில் தங்குகிறவர்கள் 60 நாள் முன்பே, மற்றவர்கள் 30 நாள் முன்பே எந்த ராட்டினம் எத்தனை மணிக்கு என்று குறித்துவைக்கும் நிலை வந்தது. 2021இல் இலவசம் போய், காசு கொடுத்தால் குறுக்கு வரிசை என்று ஆனது. எல்லாருக்கும் நிற்கும் நேரத்தைக் குறைப்பதாகச் சொன்ன ஏற்பாடு, கடைசியில் நிதானத்தையே தனி டிக்கெட்டாக விற்றது. என் எக்செல் தாளின் பெரியண்ணன்தான் அது.

இங்கே எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பல நாள் கொண்டாட்டம் ஒன்றை எப்படி அனுபவிப்பது என்பது எங்களுக்குப் புதிதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரம். ஐந்தாம் நாள் ஐந்து கருட சேவை, ஏழாம் நாள் ரங்கமன்னார் ஆண்டாள் மடியில் சயனித்திருக்கும் சேவை, ஒன்பதாம் நாள் பூரத்தன்று தேர். தேரடிப் பக்கம் குடியிருக்கிற ஒருத்தராவது ஒன்பது நாளும் எல்லாவற்றையும் 'கவர்' பண்ணுவாரா? மாட்டார். கருட சேவைக்கு ஒரு சாயங்காலம் போவார். நடுவில் இரண்டு நாள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். மேளச் சத்தம் வீட்டுக்கே கேட்கும், அது போதும். தேருக்கு மறுபடி. எங்கள் அத்தை சயன சேவைக்கு மட்டும்தான் போவாள், அதற்கே வருஷம் முழுக்கக் காத்திருப்பாள். விட்டுப்போனதைப் பற்றி அவளுக்குக் குறையே கிடையாது. டிக்கெட் இல்லை, அடுத்த வருஷமும் ஆடி வரும்.

வெளியூரிலிருந்து தேரன்று மட்டும் பஸ் ஏறி வருகிறவர்களைப் பாருங்கள். அவர்கள் ஓடத்தான் செய்கிறார்கள். தேர், கோபுரம், பால்கோவா, பஸ். 192 அடி ராஜகோபுரத்தின் கீழே நின்று போட்டோ எடுக்கிற நேரம் இரண்டு நிமிஷம். ஒரே திருவிழா, ஒரே தெரு, இரண்டு வேகம். பக்தியில் ஏற்றத்தாழ்வு என்று நான் சொல்லமாட்டேன். ஒருவருக்கு ஒன்பது நாள், இன்னொருவருக்கு ஒன்பது மணி நேரம்.

இதே ஒப்பீட்டை அண்ணனிடம் சொன்னேன். அவன் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓடுகிற தறிக்கூடத்தில் கணக்குப் பார்க்கிறவன். "ஒனக்கென்னடா, நீ வீட்டுல இருந்து லேப்டாப்ல வேல பாக்கிறவன். எங்க ஆளுகளுக்குத் தீவாளி, பொங்கல் விட்டா ஞாயித்துக்கெழமதான். அவன் எப்பிடிச் செவ்வாக்கெழம போவான்?" என்றான். பதில் இல்லை எனக்கு. மில்லுக்கும் தறிக்கும் போகிறவர்களுக்கு லீவு கிடைக்கிற நாள்தான் பூங்காவில் கூட்டம் நிரம்பி வழிகிற நாள். அந்த மஞ்சள் நோட்டீஸ் முட்டாள்தனமாக எழுதப்பட்டது என்றுதான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். அதை எழுதினவருக்குத் தன் வாடிக்கையாளரின் லீவு எத்தனை நாள் என்பது நன்றாகவே தெரியும். இரவையும் வேனுக்குள் போடாவிட்டால் அந்த மூன்று பகல் அவர்களுக்குக் கிடைக்காது.

ஆனாலும் ஒரு இடத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். மூன்று பகலில் மூன்று இடம் என்பதற்குப் பதில் மூன்று பகலில் ஒரு இடம் என்று ஏன் நோட்டீஸ் அடிக்கக் கூடாது? டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் காட்டிய ஒரு விஷயம் உண்டு: ஓர் அனுபவத்தை நாம் ஞாபகம் வைத்துக்கொள்வது அதன் மொத்த நேரத்தை வைத்து இல்லை, அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்துத்தான். அப்படியானால் பூங்காவில் நனைந்து களைத்த உடம்போடு ராத்திரி முழுக்க மலைப்பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டு வருகிற அந்தக் கடைசிப் பயணம், பகல் முழுவதையும் அழித்துவிடும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் ராட்டினத்தைச் சொல்வதற்கு முன்னால் வாந்தியைத்தான் சொல்கிறார்கள்.

ராஜபாளையத்திலிருந்து கொச்சிக்கு ரயிலே இருக்கிறது. மதுரையிலிருந்து குருவாயூர் போகிற வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், செங்கோட்டை, புனலூர், கொல்லம், கோட்டயம் வழியாக எர்ணாகுளம் போகிறது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை அகலப்பாதையாகித் திறந்தது 2018இல். பகலிலேயே மலையைக் கடக்கிறோம், குகைப்பாதையும் பாலமுமாகப் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு ராட்டினம். இரவு எர்ணாகுளத்தில் இறங்கித் தூக்கம். மறுநாள் பூங்கா கிடையாது. அரசுப் படகில் ஃபோர்ட் கொச்சி போய் வருவது, மத்தியானம் அறையில் படுப்பது, அவ்வளவுதான். அதற்கு அடுத்த நாள்தான் பூங்கா. 2000இல் வீகாலேண்ட் என்ற பெயரில் திறந்து, இப்போது வொண்டர்லா என்று அழைக்கப்படுவது அது. அன்று ராத்திரியும் அங்கேயே தங்கல். நான்காம் நாள் ஊர்.

அவ்வளவு லீவு இல்லாதவர்களுக்கு மதுரை. பரவையில் அதிசயம் பூங்கா, எங்களுக்கு 85 கிலோமீட்டர் வாக்கில்தான். சித்திரையில் என்றால் பொருட்காட்சி, சாயங்காலம் போய் ஒரு ராட்டினம், ஒரு டெல்லி அப்பளம், திரும்பி வந்துவிடலாம். சென்னைக்குப் போகிறவர்களுக்கு 2025 டிசம்பரில் இள்ளலூரில் இன்னொரு வொண்டர்லா வந்துவிட்டது. அதுவும் ஒரு நாளுக்குள் முடித்துக்கொண்டு ராத்திரியே பொதிகையைப் பிடிக்கிற திட்டமாக மாறாமல் இருக்க வேண்டும். மாறும் என்றுதான் பயப்படுகிறேன், எங்கள் தெருவில் இப்பவே ஒருத்தர் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

புதுத் தாள் ஒன்று போட்டிருக்கிறேன். எக்செல் இல்லை, மஞ்சள் நோட்டீஸின் முதுகில். ராட்டினம் ஐந்துதான், அதையும் ஆளுக்கு ஒன்று சொல்லித்தான் குறித்தோம். சின்னவனின் உயரம் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறது. பைக்குக் காவல் என்று ஒரு பத்தி, ஒரு மணி நேரத்துக்கு ஒருத்தர், முதல் முறை அண்ணன். அம்மாவின் பெயர் அந்தப் பத்தியில் கிடையாது. தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்துவிட்டு, "அந்த ரெண்டாவது நாளு ஒண்ணுமே எழுதாம விட்டிருக்கியே, மறந்திட்டியா?" என்று கேட்டாள். மறக்கவில்லை என்றேன். "அப்ப நான் வாரேன்" என்றாள்.