மூழ்கிய 'அவள்'

போர்க்கப்பல் மூழ்கியதை நேரில் கண்டவர்களின் நினைவுகளை முதுகலை வகுப்பில் வாசித்துக்கொண்டிருந்தோம். 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் குவாந்தான் கடற்பகுதியில் ஜப்பானிய விமானங்கள் தாக்கி மூழ்கடித்த 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' கப்பல்களைப் பற்றியவை. ஆங்கிலேயருக்குக் கப்பல் என்றால் 'அவள்'. "இளவரசர் எப்படி மேடம் அவள் ஆனார்?" என்றாள் ஒரு மாணவி. வகுப்பே சிரித்தது. எனக்கு அது சிரித்துவிட்டுக் கடக்கிற கேள்வியாக இல்லை.

'ரிபல்ஸ்' கப்பலில் இருந்த அமெரிக்க வானொலி நிருபர் சிசில் பிரவுன், கடலில் குதித்தபோது தன் கைக்கடிகாரம் 12.35க்கு நின்றுபோனதைக்கூடப் பதிவுசெய்தவர். நல்ல சாட்சி, குறைசொல்ல மாட்டேன். இரு கப்பல்களிலுமாக 840 பேர் இறந்தார்கள். ஆனால் ஆண்கள் மட்டுமே பயணம் செய்த அந்தக் கதையில் பெண்பால் கப்பலுக்கு மட்டும்தான். தமிழில் பெயர்த்தால் அதுவும் போய் 'அது' ஆகிவிடும். நம் அஃறிணை செய்கிற உபகாரம்!

இரண்டே மாதத்தில், 1942 பிப்ரவரி 14 அன்று, சிங்கப்பூரிலிருந்து தப்பிவந்த 'வைனர் புரூக்' பாங்கா தீவருகே குண்டுவீச்சில் மூழ்கியது. பிரிட்டிஷ் கடற்படை எடுத்துக்கொண்ட சிறிய கப்பல். அதில் ஆஸ்திரேலிய ராணுவச் செவிலியர் 65 பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான பெட்டி ஜெஃப்ரி சிறைமுகாமில் மறைத்து எழுதிய நாட்குறிப்பிலிருந்து உருவான 'ஒயிட் கூலீஸ்' 1954இல் வெளிவந்தது. இங்கே கப்பலுக்காக அழ யாருக்கும் நேரமில்லை. பயணிகளை இறக்கிவிட்ட பிறகே செவிலியர் இறங்கினார்கள். மேட்ரன் பாஷ்கி இருந்த தெப்பத்தைக் கடல் கொண்டுபோனது. ஜெஃப்ரியும் இன்னொரு செவிலியரும் நாள்கணக்கில் நீரிலும் அலையாத்திக் காட்டிலும் தத்தளித்து, மலாய் மீனவர்களால் பிழைத்தார்கள். பாங்கா கரையேறிய 22 செவிலியரைக் கடலுக்குள் நடக்கவைத்துச் சுட்டார்கள் ஜப்பானியச் சிப்பாய்கள். உயிர்தப்பியவர் ஒருவர், விவியன் புல்விங்கல். டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் அவர் சாட்சி சொன்னார்.

இந்தப் புத்தகத்தை நேசிக்கிறேன். தலைப்புதான் உறுத்துகிறது. வெள்ளைக்காரி கூலியானாள் என்பதுதானே அதிலுள்ள அதிர்ச்சி? அதே மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய நம் பெண்களைக் கூலி என்று அழைத்தபோது யாரும் அதிரவில்லை. அவர்கள் பார்த்த போர் எந்த வகுப்பிலும் எனக்குப் பாடமாக வந்ததில்லை.

தலைப்பைத் தமிழில் பெயர்த்துவரச் சொன்னேன். அதே மாணவி 'வெள்ளைக் கூலிகள்' என்று எழுதி, முதல் சொல்லை அடிக்கோடிட்டிருந்தாள்.