மூன்று நாளில் ஒரு தீவு
(பிரயாணக் கட்டுரைகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி)

கதை எழுத அஞ்சுவோர் உண்டு. கவி புனையக் கூசுவோர் உண்டு. பிரயாணக் கட்டுரை எழுத அஞ்சுவோரை நாம் இதுவரை கண்டதில்லை. சென்றோம், கண்டோம், உண்டோம், மீண்டோம் என்று நான்கு வினைமுற்றுக்களைக் கோத்துவிட்டால் கட்டுரை முடிந்தது என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றி இருக்கிறது. தமிழ்ப் பள்ளிகளிலோ ‘நான் சென்ற சுற்றுலா’ என்பது மாணாக்கர் தப்பவொண்ணாத தலைப்பு. பத்திரிகையில் வருவதைப் பார்த்து ஆசிரியர் கற்பிக்கிறார். ஆசிரியர் கற்பித்ததைப் பிள்ளை எழுதுகிறது. அப்பிள்ளை வளர்ந்து அதையே பத்திரிகைக்கு அனுப்புகிறது. ஆதலின் இவ்வகை எழுத்தை எடைபோட்டுப் பார்ப்பது வீண்வேலையன்று.

எடைபோடுவதற்குப் பினாங்குத் தீவை எடுத்துக்கொள்வோம். நம் நேயர்களில் பெரும்பாலோர் ஒருமுறையேனும் மிதித்த மண் அது. சுற்றுலா நடத்துவோர் அத்தீவை மூன்று பொட்டலங்களாகக் கட்டி விற்கின்றனர். முதல் நாள் கலாசாரம். இரண்டாம் நாள் இயற்கை. மூன்றாம் நாள் சாகசம். வியாபாரி அவ்வாறு கட்டுவதில் குற்றமில்லை. சரக்கைப் பொட்டலம் கட்டுவது அவன் தொழில். எழுதுவோனும் அதே பொட்டலத்தைப் பிரிக்காமல் வாசகன் கையில் கொடுத்துவிடுவதுதான் நம் வழக்கு.

முதலில் சொல்லாட்சியைப் பார்ப்போம். மலை உச்சியினின்று கடலைக் கண்டவுடன் ‘கண்கொள்ளாக் காட்சி’ என்று எழுதிவிடுகிறோம். அருவியைக் கண்டால் ‘சொல்லில் அடங்கா அழகு’. கண் கொள்ளாததையும் சொல்லில் அடங்காததையும் சொல்லில் அடக்கிக் காட்டுவதற்கன்றோ பேனாவை எடுத்தோம்? அடங்கவில்லை என்று கைவிரிப்பதற்குக் கட்டுரை எதற்கு? இத்தொடர்களை நீக்கிவிட்டுப் படித்தால் பல கட்டுரைகளில் எஞ்சுவது உணவுக் கடையின் பெயரும் வண்டி புறப்பட்ட நேரமுமே.

இது நிற்க. பொருளுக்கு வருவோம்.

ஜார்ஜ் டவுன் நகரில் 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் மசூதியும், 1818-இல் கட்டப்பட்ட செயிண்ட் ஜார்ஜ் தேவாலயமும், 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் சில நிமிட நடைத் தொலைவில் உள்ளன. இவற்றை ஒரே மூச்சில் கூறி, ‘பல்லின ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு’ என்று முத்தாய்ப்பு வைப்பது கட்டுரைகளின் மரபு. ஒற்றுமையை நாமும் போற்றுகிறோம். ஆயினும் அத்தேவாலயத்தை எழுப்பிய கைகள் எவருடையவை என்று எவரேனும் வினவினரா? இந்தியாவினின்று நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பால் எழுந்தது அக்கட்டடம். நீரிணைக் குடியேற்றங்களின் சாலைகளிலும் வாய்க்கால்களிலும் பொதுக் கட்டடங்களிலும் 1873 வரை கைதிகளின் வியர்வை கலந்திருக்கிறது. வெண்மையான தூண்களைப் புகழும் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரி இடமில்லை.

பெயரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ‘லிட்டில் இந்தியா’ என்று பலகை மாட்டியிருக்கும் பகுதியை அப்பெயராலேயே எழுதுகிறோம். அங்கு வாழ்ந்த தமிழர் மார்க்கெட் ஸ்திரீட்டைக் கடைத்தெரு என்றனர். செட்டியார்களின் பண்டசாலைகள் இருந்த பினாங்கு ஸ்திரீட்டைக் கிட்டங்கித் தெரு என்றனர். இப்பெயர்கள் அழகுக்காக இட்டவை அல்ல. எங்கே வாங்கினார்கள், எங்கே கடன் பெற்றார்கள் என்பதையெல்லாம் ஒரு சொல்லிலே காட்டிவிடுகின்றன. பலகையை நம்பிப் பெயரைக் கைவிட்ட எழுத்தாளன் ஒரு நூற்றாண்டின் வரலாற்றைக் கைவிட்டவனாகிறான்.

2008-இல் யுனெஸ்கோ அந்நகரை மலாக்காவுடன் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 2012-இல் சுவர்களில் சித்திரங்கள் தீட்டப்பெற்றன. சைக்கிளில் செல்லும் குழந்தைகளின் சித்திரத்தருகே நின்று படம் எடுத்துக்கொள்ளாத பயணி அரியன். நன்று. ஆனால் அச்சுவர்களுக்குப் பின்னே குடியிருந்தோர் எங்கே? 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரத்தாகி, 2000-ஆம் ஆண்டு தொடங்கியவுடன் வாடகைக்கு வரம்பு இல்லாமற் போயிற்று. தலைமுறை தலைமுறையாய்க் குறைந்த வாடகையில் வாழ்ந்த தொழிலாளரும் சிறுகடைக்காரரும் பலர் வெளியேறினர். சுவரில் குழந்தைகள் வந்தனர். வீட்டில் இருந்த குழந்தைகள் போயினர். கலாசாரம் என்று நாம் எழுதுவது கட்டடத்தையா, அதில் வாழ்ந்த மக்களையா என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் நாள் இயற்கை. கொடிமலைக்கு 1923 முதல் ஓடும் மலை ரயிலில் ஏறி, ‘மனிதக் கை படாத கன்னிக் காடு’ என்று எழுதுகிறோம். கை படாததா? கும்பினியார் காலத்தில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் பயிரிடுவதற்காக அத்தீவின் குன்றுகளில் பெரும்பகுதி வெட்டி வெளியாக்கப்பட்டது. பயிர் கெட்டு, விலை விழுந்து, தோட்டங்கள் கைவிடப்பட்ட இடங்களில் மீண்டும் முளைத்த காட்டையே பல சரிவுகளில் இன்று காண்கிறோம். 1884-இல் அமைந்த தாவரவியல் பூங்காவும் ஒரு பழைய கல்லுடைக்கும் குவாரியின் மீது எழுந்ததே. வெட்டுண்ட மண் மீண்டும் பசுமை கொண்டது என்பது கன்னிக் காட்டைக் காட்டிலும் பெரிய செய்தி. பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்த நம் வாசகனுக்கு அதன் பொருள் உடனே விளங்கும். அதைச் சொல்லாமல் விடுகிறோம்.

2003-இல் அமைந்த பினாங்கு தேசியப் பூங்காவில் கெராச்சுட் கடற்கரையை ஒட்டி ஓர் ஏரி உள்ளது. அதில் மேலே நன்னீர், கீழே உப்புநீர். இரண்டும் கலவாமல் அடுக்காய் நிற்கும் காலமுண்டு. அதே கரையில் பச்சை ஆமைகள் முட்டையிட ஏறி வருகின்றன. இத்துணை வியப்பைக் கண்முன் வைத்துக்கொண்டு, ‘மாசற்ற காற்றைச் சுவாசித்தோம்’ என்று எழுதுவது நியாயமா? காற்று எந்தக் கரையிலும் உண்டு. அவ்வேரி அங்குதான் உண்டு.

மூன்றாம் நாள் சாகசம். தெலுக் பகாங்கில் 1,111 மீட்டர் நீளமுள்ள நீர்ச்சறுக்கு ஒன்று இருக்கிறது. உலகிலேயே நீளமானது என்று 2019-இல் பதிவு பெற்றது. அதில் வழுக்கி இறங்கிய இளைஞன் தன் நெஞ்சு படபடத்ததை எழுதட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் அத்தீவின் கிழக்குக் கரைக்கு எதிரே ஜெரெஜாக் என்னும் சிறு தீவு கிடக்கிறதே, அதைப் பற்றி எத்தனை பேர் எழுதினர்?

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெரெஜாக் தொழுநோயாளரை ஒதுக்கும் இடமாயிற்று. அடுத்து, கப்பலில் வரும் குடியேறிகளை நோய்க்கு அஞ்சித் தடுத்து வைக்கும் நிலையமாயிற்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, திறந்த தளத்தில் வெயிலும் மழையும் தின்று, வங்கக் கடலைக் கடந்த தோட்டத் தொழிலாளர் பினாங்கைக் காணுமுன் அம்மைக்கும் வாந்திபேதிக்கும் பரிசோதிக்கப்பட்டுக் காத்திருந்த மண் அது. இந்திய அரசாங்கம் 1938-இல் அத்தகைய தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. 1969-இல் ஜெரெஜாக் சிறைத் தீவாகி, 1993-இல் சிறை மூடப்பட்டது. 2004-இல் அங்கே உல்லாச விடுதி திறந்து, சில ஆண்டுகள் நடத்தினர். காட்டு நடையும் கயிறேற்றமும் பயணிகளுக்குச் சாகசமாய் விற்கப்பட்டன. சிங்கப்பூர் நேயர்களுக்கு இது அயலூர்க் கதையன்று. இன்று அவர்கள் படகேறி விடுமுறை கழிக்கச் செல்லும் செயிண்ட் ஜான்ஸ் தீவும் அவ்வாறே குடியேறிகளைத் தடுத்து வைத்த தீவுதான்.

திரும்பும் வழி தெரியாமல், மொழி தெரியாமல், துரையின் பெயரும் தெரியாமல், கங்காணியின் சொல்லை மட்டும் நம்பிக் கடல் கடந்ததைக் காட்டிலும் பெரிய சாகசம் எது? பாட்டன் காத்துக் கிடந்த கரையில் பேரன் கயிற்றில் தொங்கி மகிழ்வது பிழையன்று. அக்கரை எது என்று அறியாமல் தொங்குவதே இரங்கத்தக்கது. அறிந்து எழுத வேண்டியவன் அறியாமலே எழுதுவது அதனினும் கேடு.

‘ஆறு நாள் பால் வெட்டியவன் ஏழாம் நாள் சிரிக்கக் கூடாதா? பிரயாணத்தில் துயரத்தைத் தேடச் சொல்கிறீர்களே’ என்று சிலர் நம்மைக் கடிந்துகொள்ளக் கூடும். சிரிக்க வேண்டும் என்றே நாமும் சொல்கிறோம். விடுமுறை என்பது உழைப்பாளி போராடிப் பெற்ற உரிமை. அதை ஒருவரும் பறிக்க வேண்டா. ஆனால் இளைப்பாறுவது வேறு, எழுதுவது வேறு. கடலில் குளிப்பவன் ஆழத்தை அளக்க வேண்டியதில்லை. கடலைப் பற்றி எழுதுபவன் அளந்தே ஆக வேண்டும். மூன்று நாள் போதாது என்றும் சொல்ல வேண்டா. ஒரு தெருவின் பெயரை ஒரு கிழவரிடம் கேட்க அரை மணி போதும்.

மற்றொரு குற்றமும் உண்டு. அது நம்மவருக்கே உரியது. தீவு முழுதும் அலைந்தும் தமிழனைத் தவிர வேறெவரையும் காணாது வருவோர் சிலர். தைப்பூசத்தில் செட்டியார்களின் வெள்ளித் தேர் வருவதை நான்கு பக்கம் எழுதுவர். தேர் செல்லும் வழியில் தேங்காய்களைக் குவித்து உடைக்கும் சீனரைப் பற்றி நான்கு சொல் எழுதார். கூ கோங்சியின் கூரைச் சிற்பமும், வலை உலர்த்தும் மலாய் மீனவரும் அவர் கண்ணில் படா. அயலான் நம்மை விட்டுவிட்டு எழுதினால் குமுறுகிறோம். நாம் அயலானை விட்டுவிட்டு எழுதினால் அதைப் பற்று என்கிறோம். இரண்டும் ஒரே குருட்டுத்தனம். பெருமை பேசுவதற்கென்றே எழுதும் கட்டுரையும், கடை விளம்பரமாய் எழுதும் கட்டுரையும் உடன்பிறந்தவை.

அங்ஙனமாயின் நல்ல பிரயாணக் கட்டுரை யாது? கண்ட பொருளை இட்ட பெயரோடு சொல்வது. அதைச் செய்த கையைத் தேடுவது. இன்று அதனால் வாழ்பவன் யார், வாழ்விழந்தவன் யார் என்று கேட்பது. இவற்றைச் செய்தால் கலாசாரம், இயற்கை, சாகசம் என்ற மூன்று பொட்டலங்களும் தாமே அவிழ்ந்து ஒன்றாகிவிடும். கொடிமலையின் சரிவு கும்பினியின் கணக்குப் புத்தகத்தோடு சேரும். கணக்குப் புத்தகம் கிட்டங்கித் தெருவோடு சேரும். கிட்டங்கித் தெரு கடலோடும் கப்பலோடும் ஜெரெஜாக்கோடும் சேரும்.

தோட்டத்து ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளைகளைத் தீவுக்கு அழைத்துச் செல்லுமுன், வீட்டிலுள்ள மூத்தோரிடம், நம் குடும்பத்தில் முதலில் கடல் கடந்தவர் யார், எந்தக் கரையில் இறங்கினார் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். விடையோடு வரும் பிள்ளை விடையை எழுதட்டும். விடையின்றி வரும் பிள்ளை தான் கேட்ட கேள்வியையும், வீட்டார் விழித்த விழிப்பையும் எழுதட்டும். ‘கண்கொள்ளாக் காட்சி’யை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள்.